வடக்குச் சுவர் முழுக்கக் கறுத்துப் பாசி: பிரஷர் வாஷரில் எந்த நாசில், எவ்வளவு தூரம்?

குமரி_ஓடு:

வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் மாடி வீடு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் வாங்குகிற இடம். வெளிச்சுவர் சிமென்ட் காரை, மேலே எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட். அடித்து 7 வருடம் ஆகிறது. வடக்குச் சுவரில் வெயிலே விழாது. கைப்பிடிச் சுவரிலிருந்து கறுப்புக் கோடு கோடாக இறங்கியிருக்கிறது, சன்சேடுக்குக் கீழே பச்சைப் பாசி. சுவர் 38 அடி நீளம், 22 அடி உயரம். முன்பக்க வராந்தாவுக்கு மங்களூர் ஓடு, முற்றத்தில் 60 மி.மீ. இன்டர்லாக் கல்.

கையில் இருப்பது 1,800 வாட் பிரஷர் வாஷர். பெட்டியில் 135 பார், நிமிடத்துக்கு 7 லிட்டர் என்று போட்டிருக்கிறது. தண்ணீர் போர்வெல்லில் இருந்து மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து குழாயில் வருகிறது. மஞ்சள் நாசில் போட்டு 15 செ.மீ. தூரத்தில் ஒரு மூலையில் அடித்துப் பார்த்ததில் பாசி போனது, ஆனால் பெயின்டும் பட்டையாக உரிந்து, ஒரு இடத்தில் காரையில் மணல் தெரிகிறது. கழுவிய பிறகு மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் திட்டம்.

எந்த நாசில், எவ்வளவு தூரம்? இன்னும் பெரிய மெஷின் வாடகைக்கு எடுக்க வேண்டுமா? பாதி நேரம் மெஷின் விட்டு விட்டு அடிக்கிறது, அது எதனால்?

பூச்சுவேலை:

பெரிய மெஷின் வேண்டாம். உங்களிடம் இருப்பதே அந்தச் சுவருக்கு அதிகம். பெயின்ட் சுவரில் பாசியைத் தண்ணீரின் வேகத்தால் பெயர்க்கப் பார்ப்பதுதான் தவறு. பாசியை மருந்தால் சாகடிக்க வேண்டும், செத்ததைத் தண்ணீரால் அலச வேண்டும். வேகத்தால் பெயர்த்தால் வேர்போலப் பூச்சுக்குள் இறங்கிய பகுதி அப்படியே உள்ளே நிற்கும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி கறுக்கும், புதுப் பெயின்டுக்கு மேலேயே வரும்.

கழுவுவதற்கு முன் சுவரை நான்கு விதமாகப் பாருங்கள். முதலில் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை மாவு ஒட்டினால் பெயின்டின் பசை போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பெயின்ட் எப்படியும் நிற்காது. அடுத்து, ஒரு மரக்கட்டையால் சுவர் முழுக்க லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாகக் கேட்ட சத்தம் திடீரென்று பொத்தலாகக் கேட்டால் அங்கே காரை செங்கல்லை விட்டு எழும்பியிருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். வட்டத்துக்குள் ஜெட் போகக் கூடாது, போனால் பலகைபோல் பெயர்ந்து விழும். மூன்றாவது, விரிசல்கள். முடி அளவு விரிசலில்கூட ஜெட் தண்ணீரைத் திணிக்கும், உள்சுவரில் ஈரம் காட்டும். கழுவும் முன்பே கிராக் ஃபில்லர் வைத்து ஒரு நாள் காய விடுங்கள். நான்காவது, கறுப்பின் மேல் நாலு சொட்டு ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற வெளுப்பு மருந்து) விடுங்கள். பத்து நிமிடத்தில் வெளுத்தால் பாசி அல்லது பூஞ்சை. வெளுக்காவிட்டால் புகை, தூசி, துரு என்று வேறு ஏதோ. அதற்கு வைத்தியம் வேறு.

நாசில் விஷயம். சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புத் தண்ணீருக்கு. இந்த எண்கள் தண்ணீர் விரிகிற கோணம். 30 செ.மீ. தூரத்தில் பச்சை நாசிலின் விசிறி சுமார் 13 செ.மீ. அகலம், வெள்ளை சுமார் 22 செ.மீ. அதே வெள்ளையை 45 செ.மீ.க்குக் கொண்டுபோனால் 33 செ.மீ. ஆகிவிடும். அதே 7 லிட்டர் தண்ணீர் எவ்வளவு பரப்பில் விழுகிறது என்பதுதான் சுவருக்குத் தெரியும். உங்கள் மஞ்சள் நாசில் 15 செ.மீ.யில் நாலு செ.மீ. கோட்டுக்குள் மொத்த வேகத்தையும் இறக்கியிருக்கிறது. மணல் தெரிந்தது அதனால்தான். எமல்ஷன் சுவருக்கு வெள்ளை நாசில், 45 முதல் 60 செ.மீ. தூரம், சுவருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்த்து. லான்ஸில் (கன்னில் மாட்டுகிற நீளக் குழாய்) அழுத்தம் குறைக்கிற திருகு இருந்தால் பாதிக்குக் கீழே வையுங்கள். சுவரைப் பார்த்தபடி டிரிக்கர் அழுத்தாதீர்கள். வெளியே அழுத்திவிட்டு, ஓடுகிற ஜெட்டைச் சுவருக்குள் கொண்டுவாருங்கள். ஆரம்பத் துடிப்புதான் பெரும்பாலும் முதல் தழும்பை வைக்கும்.

சுண்ணாம்பு அடித்த பழைய சுவர், சுண்ணாம்புக் காரைச் சுவர் இருப்பவர்கள் இதைப் படித்தால்: அதில் பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். நைலான் பிரஷும் ஹோஸ் தண்ணீரும் போதும்.

வேதிக்கடை:

மருந்தின் அளவு சொல்கிறேன். கெமிக்கல் கடையில் கேனில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட், கடையில் ஹைப்போ என்றாலே தருவார்கள். புதிதாக இருக்கும்போது 10 முதல் 12 சதவீதம். வெயிலிலும் வெக்கையிலும் கிடந்தால் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். அதனால் வாங்கிய வாரத்திலேயே தீர்த்துவிடுங்கள், மிச்சம் வைத்து அடுத்த வருடம் அடிக்காதீர்கள்.

உங்கள் சுவர் சுமார் 836 சதுர அடி, அதாவது 78 சதுர மீட்டர். ஒரு லிட்டர் கரைசல் நான்கைந்து சதுர மீட்டர் பிடிக்கும். ஆக 20 லிட்டர் போதும். பச்சைப் பாசிக்கு ஒரு சதவீதம்: 2 லிட்டர் ஹைப்போ, 18 லிட்டர் தண்ணீர். கறுப்புக் கோடு பிடிவாதமானது, அந்த இடங்களுக்கு மட்டும் இரண்டு சதவீதம்: ஒரு லிட்டர் ஹைப்போவுக்கு நாலு லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 5 மில்லி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் வழிந்து ஓடாமல் சுவரைப் பிடித்து நிற்கும்.

வீட்டில் பிளீச்சிங் பவுடர்தான் இருக்கிறது என்றால் அதுவும் ஆகும். 33 சதவீத குளோரின் உள்ள பவுடர் 300 கிராம், தண்ணீர் 10 லிட்டர். பிளாஸ்டிக் வாளியில் கலக்கி ஒரு மணி நேரம் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் துணியில் வடித்து எடுங்கள். கலக்கலோடு ஊற்றினால் தெளிப்பான் அடைக்கும், சுவரில் சுண்ணாம்புப் படலம் வெள்ளையாக நிற்கும், அதன் மேல் பிரைமர் பிடிக்காது.

கைத்தெளிப்பானில் அடியுங்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை எடுக்க வேண்டாம். பிரஷர் வாஷரின் உள்ளே ஹைப்போவை விடாதீர்கள். வால்வும் ஓ-ரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

அடிக்கும்போது கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே ஆரம்பித்தால் காய்ந்த சுவரில் மருந்து ஒழுகி இறங்கும், ஒழுகிய தடம் தனியாக வெளுத்துத் தெரியும். 10 முதல் 15 நிமிடம் ஈரமாகவே நிற்க வேண்டும், காய ஆரம்பித்தால் மறுபடி ஒரு தெளிப்பு. பாசி தடிமனாக இருக்கும் இடத்தில் மட்டும் நைலான் பிரஷால் ஒரு தேய்ப்பு. அலசுவது மேலிருந்து கீழே. 38 அடியையும் ஒரே மூச்சில் அடிக்காமல் பத்துப் பத்து அடியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அலச வருவதற்குள் காயாது.

இனி கட்டாயம் செய்ய வேண்டியவை. டாய்லெட் கழுவும் ஆசிட்டோ வேறு எந்த அமிலமோ இதனோடு சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அமோனியா உள்ள கிளீனரும் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை போடுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். சுவரோரச் செடிகளுக்கு முதலிலேயே நிறையத் தண்ணீர் ஊற்றி, பாலித்தீன் போட்டு மூடி, முடிந்ததும் உடனே எடுத்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள்.

பலரும் மறந்துவிடுவது மழைநீர்க் குழாய். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் பல வீடுகளில் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ நேராகப் போகிறது. கைப்பிடிச் சுவரின் உள்பக்கமும் மருந்து அடிப்பீர்கள். அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள் போகக் கூடாது. குழாயைக் கழற்றி வெளியே திருப்பி விட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். அலசி முடித்து ஒரு நல்ல மழை பெய்து போன பிறகு இணைத்தால் போதும்.

மோட்டார்_காயில்:

மெஷின் விட்டு விட்டு அடிக்கிறதுக்கு நான் பதில் சொல்றேன். நூத்துக்குத் தொண்ணூறு தண்ணி பத்தாததுதான். பம்ப் நிமிஷத்துக்கு 7 லிட்டர் தள்ளுது, உங்க குழாய் அதைவிடக் கம்மியா கொடுத்தா மிச்ச இடத்துக்குக் காத்து இழுக்கும். காத்து போன பம்ப் துடிக்கும், சூடாகும், சீல் தேயும். மெஷினுக்கு மாட்டுற ஹோஸ் முனையை 10 லிட்டர் பக்கெட்ல வைங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள நிரம்பணும். நிரம்பலைன்னா அரை இன்ச் ஹோஸைத் தூக்கிப் போட்டுட்டு முக்கால் இன்ச் போடுங்க, நீளத்தைக் குறைங்க. மாடித் தொட்டித் தண்ணிக்கு 20 அடி உயரம் இருந்தாலும் 0.6 பார்தான் வரும், மெல்லிசு ஹோஸ்ல அது பாதி வழியிலேயே செத்துடும்.

இதுக்கு நல்ல வழி, 200 லிட்டர் டிரம் ஒண்ணை மெஷினைவிட உயரமா மேடையில வச்சு, அடியில முக்கால் இன்ச் டேப் போட்டு அதிலிருந்து எடுங்க. டிரம் நிறைய இருந்தா டிரிக்கர் தொடர்ந்து அழுத்தினாலும் 28 நிமிஷம் ஓடும். மேலே இருந்து குழாய் அது பாட்டுக்கு நிரப்பிக்கிட்டிருக்கட்டும்.

போர் தண்ணின்னு சொல்றீங்க. மணல் வரும். மெஷின் வாயில இருக்கிற சின்ன வலை ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் கழட்டிப் பாருங்க. அதுக்கு முன்னால தனியா ஒரு லைன் ஃபில்டர் மாட்டுங்க. ஒரு மணல்துகள் வால்வுல உக்காந்தா பிரஷர் ஏறாது, நாசில்ல உக்காந்தா ஒரு பக்கமா பிச்சுக்கிட்டு அடிக்கும். நாசில் அடைப்பை மெஷினோட வர்ற ஊசியாலதான் எடுக்கணும், ஆணி விட்டா ஓட்டை பெரிசாகி வேகம் நிரந்தரமா குறைஞ்சிடும்.

ஸ்டார்ட் பண்ற முறை: மெஷினை ஆன் பண்ணாம ஹோஸ், கன் எல்லாம் மாட்டி, தண்ணியைத் திறந்து, நாசில் இல்லாம டிரிக்கரை அழுத்திப் பிடிங்க. குமிழ் வர்றது நின்னு தண்ணி ஒரே சீரா வர்ற வரைக்கும் விடுங்க. அதுக்கப்புறம் நாசில் போட்டு சுவிட்ச். டிரிக்கரை விட்டா மெஷின் தானா நிக்கிற மாடலா பாருங்க. நின்ன மெஷின் தொடாமலே ரெண்டு செகண்ட் ஓடி ஓடி நின்னா எங்கேயோ கசிவு இருக்கு. முதல்ல கன் ஓ-ரிங்கையும் ஹோஸ் ஜாயின்டையும் பாருங்க, அப்புறம்தான் உள்ள வால்வு.

கரண்ட்: 1,800 வாட்டுக்கு 8 ஆம்ப் கிட்ட ஓடும். 16 ஆம்ப் பிளக்கில நேரா போடுங்க. எக்ஸ்டென்ஷன் வேணும்னா 2.5 சதுர மி.மீ. ஒயர், சுருளை முழுக்கப் பிரிச்சு. 0.75 ஒயர் 25 மீட்டர் இழுத்தா ஓடும்போதே 10 வோல்ட் போயிடும், ஸ்டார்ட் ஆகுற நொடியில மோட்டார் நாலஞ்சு மடங்கு இழுக்கும், அப்போ 40, 50 வோல்ட் விழும். உர்ருன்னு உறுமிட்டு நிக்கிறது அதனாலதான். லைன்ல 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாம ஈரத்துல நின்னு இந்த மெஷினைத் தொடாதீங்க. ஜாயின்ட் தரையில கிடக்கக் கூடாது.

உங்களுது எடை கம்மின்னா பிரஷ் மோட்டாரா இருக்கும். 20 நிமிஷம் ஓட்டினா 10 நிமிஷம் ஆற விடுங்க. 20 கிலோவுக்கு மேல, சத்தம் கம்மியா இருக்கிற இண்டக்‌ஷன் மோட்டார்னா நாள் பூரா ஓட்டலாம். பெட்டியில போட்டிருக்கிற 135 உச்ச அளவு. வேலை செய்யும்போது வர்றது அதைவிடக் கம்மி. பின்னாடி தகட்டுல ரெண்டும் தனித்தனியா இருக்கும், வாங்கும்போது அதைப் பாத்துதான் வாங்கணும்.

குமரி_ஓடு:

பக்கெட் நிரம்ப ஒரு நிமிடம் 50 விநாடி ஆகிறது. டிரம் வைத்துவிடுகிறேன். சுவரின் மேல்பகுதிக்கு ஏணியில் ஏறி அடிக்கலாமா, அல்லது சாரம்தான் கட்ட வேண்டுமா? ஓட்டுக்கும் இன்டர்லாக் கல்லுக்கும் இதே முறைதானா? இன்னொன்று: சுவரின் அடியில் இரண்டு அடி உயரம் வரை வெள்ளையாகப் பூத்திருக்கிறது, அது வெளுத்த பாசியா?

பூச்சுவேலை:

ஏணி வேண்டாம். 7 லிட்டர், 120 பார் அளவில் கன் பின்னால் தள்ளுகிற விசை கிட்டத்தட்ட 2 கிலோ எடைக்குச் சமம். தரையில் நின்றால் தெரியாது. ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, டிரிக்கரை அழுத்தி விடுகிற ஒவ்வொரு முறையும் அந்த 2 கிலோ வந்து வந்து போனால் உடம்பு ஆடும், ஏணிக்கால் நிற்பதோ சோப்புத் தண்ணீரில். எப்படியும் பெயின்டுக்குச் சாரம் கட்டப் போகிறீர்கள். அதை முன்கூட்டியே கட்டி, கழுவும் வேலையையும் அதிலேயே முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வருகிற ஈபி சர்வீஸ் ஒயர், மீட்டர் பெட்டி இருக்கும் பக்கம் ஜெட் போகவே கூடாது. அங்கே ஈரத்துணியால் துடைப்பது மட்டும்தான். வெளிச்சுவரில் லைட், காலிங் பெல் இருந்தால் அந்த லைனை எம்சிபியில் இறக்கிவிட்டு பாலித்தீன் சுற்றுங்கள்.

ஜெட் தோலில் பட்டால் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசிக்குத்து அளவுதான் தெரியும், உள்ளே சதை பாழாகிக்கொண்டிருக்கும். அப்படிப் பட்டால் கட்டுப்போட்டுக்கொண்டு வேலையைத் தொடராமல் நேராக அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய் 'ஜெட் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது' என்று சொல்ல வேண்டும். செருப்போடு இந்த வேலை செய்யாதீர்கள், ஷூ போடுங்கள்.

அடியில் பூத்திருப்பது பாசி அல்ல, உப்பு. தரை ஈரம் சுவரில் ஏறி, வெளியே வந்து ஆவியாகும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அதைக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய், காய்ந்ததும் இன்னும் அதிகமாகப் பூக்கும். காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். அந்த இரண்டு அடிக்கு ஜெட்டைக் கொண்டுபோகாதீர்கள். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்க்காமல் அதன்மேல் எந்தப் பெயின்டும் நிற்காது. முற்றத்துக் கல்லின் சரிவு சுவரைப் பார்த்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கறுப்புக் கோட்டுக்கும் காரணம் தேடியே ஆக வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலை வெளிப்பக்கம் சரிந்திருந்தால் மாடித் தூசியெல்லாம் மழையோடு சுவரில்தான் இறங்கும். சரிவை உள்பக்கம் திருப்பிப் பூசுங்கள். சன்சேடின் அடியில், விளிம்பிலிருந்து ஒரு இன்ச் உள்ளே தள்ளி அரை இன்ச் பள்ளமாக நீளக் கோடு வெட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் விளிம்பில் சொட்டாமல் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வரும், உங்கள் பச்சைப் பாசி இருக்கும் அதே இடத்துக்கு. சாரம் நிற்கும்போதே கட்டிங் மெஷினால் அந்தக் கோட்டைப் போட்டுவிடலாம்.

கழுவிய பின் நல்ல வெயிலில் நாலைந்து நாள் விடுங்கள். வடக்குச் சுவருக்கு ஒரு வாரம். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் நீர் பூத்திருந்தால் இன்னும் பிரைமருக்கு நேரமாகவில்லை. உங்கள் ஊருக்கு இந்த வேலையை ஜனவரிக் கடைசியில் தொடங்குவது நல்லது, பிப்ரவரிக்குள் பெயின்டும் முடியும்.

செம்மண்_ஓடு:

மங்களூர் ஓட்டைப் பற்றி மட்டும். கீழேயிருந்து மேல்நோக்கி ஒரு முறைகூட அடிக்காதீர்கள். ஓடு ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பது மேலிருந்து வரும் மழைக்காக. கீழிருந்து அடித்தால் ஜெட் அந்த இடுக்கில் நுழைந்து நேராக ரீப்பர் கட்டையை நனைக்கும். சுட்ட ஓட்டின் மேல்தோல் இழைவானது. அதை ஜெட் அரித்துவிட்டால் ஓடு தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கும், பாசி முன்னைவிடச் சீக்கிரம் பிடிக்கும். காய்ந்த நாளில் மெத்தைப் பாசியை மரச் சுரண்டியாலோ கட்டையான பிளாஸ்டிக் பிரஷாலோ தள்ளிவிட்டு, ஒரு சதவீத ஹைப்போ தெளித்து, ஹோஸ் தண்ணீரால் முகட்டிலிருந்து கீழே அலசினால் போதும். ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல் முகட்டில் கொக்கி மாட்டிய ஏணிப்பலகை போட்டு ஏறுங்கள். முகட்டு ஓட்டின் சாந்து விட்டிருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

பின்பக்கம் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இறக்கியிருந்தால் அதன்மேல் பிரஷர் வாஷர் கூடவே கூடாது. நார் கிளம்பிக் காற்றிலும் முற்றத்திலும் சேரும். தேய்ப்பதும் கூடாது.

மோட்டார்_காயில்:

இன்டர்லாக் கல்லுக்கு உங்க மெஷின் தாராளமா போதும். பச்சை நாசில், 25 செ.மீ., 30 டிகிரி சாய்ச்சு, இடுக்கு ஓடுற திசையில அடிக்காம மூலைவாட்டமா அடிங்க. இடுக்கு மணல்தான் கல்லைப் பிடிச்சு வச்சிருக்கு. அது ஒண்ணு ரெண்டு செ.மீ. கட்டாயம் போகும். கல் நல்லா காஞ்ச பிறகு, சலிச்ச பொடி மணலைக் காய வச்சுக் கொட்டித் துடைப்பத்தால ரெண்டு மூணு தடவை கூட்டி இறக்குங்க. ஈர மணல் மேலேயே நின்னுக்கும். மணல் போடாம கார் ஏத்தினா ஓரக் கல் ஆடும். சுத்துற தட்டு மாதிரி வர்ற சர்ஃபேஸ் கிளீனர் வாங்கறதா இருந்தா 30 செ.மீ.க்கு மேல போகாதீங்க, 7 லிட்டர் தண்ணிக்கு அதைவிடப் பெரிய தட்டு மெதுவா சுத்தி வட்டம் வட்டமா தடம் விடும்.

வேலை முடிஞ்சதும் தண்ணியை மூடி, மெஷினை ஆஃப் பண்ணி, டிரிக்கரை அழுத்தி உள்ள நிக்கிற பிரஷரை விட்டுட்டுதான் ஹோஸைக் கழட்டணும்.

குமரி_ஓடு:

ஜன்னல் கிரில்லுக்குக் கீழே துருக்கறை இருக்கிறது. ஹைப்போ சொட்டு விட்டேன், வெளுக்கவில்லை.

வேதிக்கடை:

துருவுக்கு ஹைப்போ வேலை செய்யாது. ஆக்ஸாலிக் ஆசிட் தூள் 50 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டர். கறை மேல் மட்டும் பிரஷால் தடவி 10 நிமிடம் விட்டு நன்றாக அலசுங்கள். விஷம், கையுறை வேண்டும், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இதுவும் அமிலம்தான். அதனால் ஹைப்போ அடித்த அதே நாளில் செய்யாமல், சுவரைத் தண்ணீரால் முழுக்க அலசி, மறுநாள் செய்யுங்கள். அதற்கு முன் கிரில்லின் கால் சுவருக்குள் போகிற இடத்தைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். கறை அங்கிருந்துதான் வருகிறது.